ரங்கூன் வானமும் நம் ஏளனமும்

"நாடே பற்றி எரிகிறது, இவர்களுக்கு மேகத்தைப் படம்பிடிக்க மனம் வருகிறதே!" மியன்மாரைப் பற்றிப் பேச்சு வரும் இடங்களில் இந்த வாக்கியம் தவறாமல் காதில் விழுகிறது. யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், வசிக்கும் ஒருவர் மழைக்கு முந்தைய வானத்தைத் தன் மொட்டைமாடியிலிருந்து எடுத்துப் பகிர்ந்தாலும் சரி, ஷ்வேடகோன் பொற்கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியனையோ, முழங்கால் தண்ணீரில் சைக்கா என்னும் மிதிரிக்ஷாவைத் தள்ளிப் போகிறவரையோ எடுத்துப் பகிர்ந்தாலும் சரி, தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஒரு சாரார் அதை வெட்டிவேலை என்கிறார்கள். மற்றொரு சாரார் மனசாட்சி மரத்துப்போனதன் அடையாளம் என்கிறார்கள். அரசியல் தெரிந்தவர்கள், படித்தவர்கள், தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். சம்பவத்தை எடுத்தால்தான் படம், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்பது அவர்கள் கட்சி. இதைத் தவறு என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இது தீங்கான கருத்து. யாங்கோனைப் போன்ற ஒரு நகரம் தன் நினைவைப் பறிகொடுப்பதற்கு இது துணைபோகிறது.

2021 மார்ச் 24ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பறித்தது. அடுத்த சில வாரங்களில் தெருவுக்கு வந்தவர்களைச் சுட ஆரம்பித்தது. மார்ச் 23 அன்று மாண்டலேயில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டு இறந்தாள். மறுநாள் மக்கள் வேறு வழியைக் கையாண்டார்கள். யாரும் வெளியே வரவில்லை. கடை திறக்கவில்லை, வண்டி எடுக்கவில்லை, சந்தைக்குப் போகவில்லை. மௌன வேலைநிறுத்தம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அன்று யாங்கோனிலிருந்து உலகத்துக்குப் போன படங்களில் ஆளில்லாத சாலைகளும் இழுத்து மூடிய ஷட்டர்களும்தான் இருந்தன. ரத்தம் கிடையாது, கொடி கிடையாது, முழக்கம் கிடையாது. சம்பவத்தைத் தேடும் கண்ணுக்கு அவற்றில் பார்க்க எதுவுமே இல்லை. ஆனாலும் அந்த வருடம் அந்த நாட்டிலிருந்து வந்த படங்களில் ராணுவத்துக்கு மிகவும் உறுத்தியவற்றில் அவையும் உண்டு என்று நினைக்கிறேன். டிசம்பர் 10 அன்றும், ஆட்சிப் பறிப்பின் முதலாண்டு நிறைவிலும் மக்கள் அதே ஆயுதத்தை மறுபடி எடுத்தார்கள்.

ஒரு வெற்றுச் சாலைக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? அதே சாலை மற்ற நாட்களில் எப்படி இருக்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்ததால் வந்தது. சூலே கோயிலைச் சுற்றி வளையும் பஸ்கள், மஹாபந்துலா சாலையின் நடைபாதைக் கடைகள், டீக்கடை வாசலில் கணுக்கால் உயரத்துக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் முக்காலிகள், அவற்றில் லுங்கியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். இந்த நெரிசலை அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனையோ பேர் எந்த நோக்கமும் இல்லாமல் படம் எடுத்துக் குவித்திருந்தார்கள். "இதில் என்ன இருக்கிறது" என்று அன்றைக்குக் கேட்கப்பட்ட அந்தப் படங்கள்தான் மார்ச் 24இன் வெறுமையைச் சாட்சியாக மாற்றின. ஆள் நடமாட்டத்தை யாரும் பதிவுசெய்யாத ஊரில் ஆளில்லாத தெரு எதையும் சொல்லாது. விடிகாலையில் எடுத்தது என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

நண்பர் ஒருவர் அனுப்பிய படத்தைச் சொல்கிறேன். அவர் தன்னைப் புகைப்படக்காரர் என்று எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. ஜூன் மாத மதியம், நகர மையத்தில் எண்கள் பெயராக அமைந்த குறுக்குத் தெருக்களில் ஒன்று, ஏழாவது மாடி பால்கனி. தென்மேற்கிலிருந்து வந்த மேகம் பாதி வானத்தை மூடியிருக்கிறது. மூடாத பாதி வெளிறிய மஞ்சளாக இருக்கிறது. அதன் கீழே துருவேறிய தகரக் கூரைகள், கறுப்புத் தண்ணீர் டேங்குகள், பால்கனிக்குப் பால்கனி டிஷ். சுவர்களில் பாசி கருப்பாக வழிந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெரு வரைக்கும் கயிறுகள் தொங்குகின்றன, நுனியில் கிளிப்போ பையோ மாட்டியிருக்கிறது. லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடங்களில் கயிறுதான் அழைப்பு மணி, அதுதான் சுமைதூக்கி. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பையில் செய்தித்தாளோ காய்கறியோ ஏறும். படத்தில் மூன்றாவது மாடிப் பெண்மணி மழைக்கு முன் தன் கயிற்றை மேலே சுருட்டிக்கொண்டிருக்கிறார். தெருவில் நீலத் தார்ப்பாய் விரிக்கிறார்கள். ஒரு கடை வாசலில் ஜெனரேட்டர் நிற்கிறது. எங்கும் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. 2003 முதல் யாங்கோனில் அவற்றுக்குத் தடை.

இதை மேகப் படம் என்று கடந்துபோகிறவர் ஒரு நகரத்தின் மின்சாரம், தண்ணீர், வாடகை, வயோதிகம், போக்குவரத்து அத்தனையையும் கடந்துபோகிறார். எடுத்தவர் மேகத்துக்காகத்தான் எடுத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேமராவுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. எடுத்தவரின் அக்கறை வானத்தில் இருந்ததால், கீழே இருந்ததை அவர் ஒழுங்குபடுத்தவில்லை, அழகுபடுத்தவில்லை, மறைக்கவுமில்லை. கருத்துச் சொல்வதற்காக எடுத்த படத்தைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

இரவுப் படங்களின் கதையும் இதுதான். நகரின் ஒரு பகுதி இருட்டிலும் ஒரு பகுதி வெளிச்சத்திலும் கிடக்கும் படங்களை யாங்கோன்வாசிகள் நிறைய எடுத்திருக்கிறார்கள். ஆட்சிப் பறிப்புக்குப் பிறகு சுழற்சி முறை மின்வெட்டு நகரத்தின் அன்றாடமாகிவிட்டது. எந்தப் பேட்டைக்கு எப்போது மின்சாரம் வந்தது, எந்தக் கட்டடத்துக்கு மட்டும் நிற்காமல் வந்தது என்பதை அதிகாரிகளின் அறிவிப்பு ஒரு விதமாகச் சொல்லும். ஒரே ஜன்னலிலிருந்து மாதக்கணக்கில் எடுத்த இரவுப் படங்கள் வேறு விதமாகச் சொல்லும். எதை நம்புவது என்று யாங்கோன்காரரைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்.

வானிலை ஆபத்தில்லாத விஷயம், கோழைகளின் புகலிடம் என்பவர்களுக்கு மியன்மாரின் சமீப வரலாறு தெரியவில்லை. 2008 மே 2ஆம் தேதி இரவு நர்கீஸ் புயல் ஐராவதி டெல்டாவில் கரையேறி, மறுநாள் காலை யாங்கோனைப் புரட்டிப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். யாங்கோனின் தெருக்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் நிழல் தந்த மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்தன. நம் இந்திய வானிலைத் துறை புயலைப் பற்றி மியன்மாருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தது. அந்த எச்சரிக்கை டெல்டாவின் குடிசைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அரசுத் தொலைக்காட்சி தளபதிகள் நிவாரணப் பெட்டி வழங்கும் காட்சிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அரசியல் சாசன வாக்கெடுப்பைக்கூட அவர்கள் தள்ளிவைக்கவில்லை. பெரும்பாலான இடங்களில் மே 10 அன்று நடத்தி முடித்தார்கள். யாங்கோனிலும் டெல்டாவிலும் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் இரண்டு வார அவகாசம் கிடைத்தது. டெல்டாவில் உண்மையில் என்ன நடந்தது என்பது சாதாரண ஆட்கள் கையடக்கக் கேமராக்களில் எடுத்து, விசிடிகளில் ஏற்றி, யாங்கோன் தெருக்களில் கைமாற்றிய காட்சிகளின் வழியாகவும்தான் நகரத்துக்குத் தெரிந்தது. தானே நிவாரணம் திரட்டிப்போய், அரசின் மெத்தனத்தை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்ன நகைச்சுவைக் கலைஞர் சர்கனாருக்கு அந்த ஆண்டே பல பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.

2023 மே 14 அன்று மோக்கா புயல் ராக்கைன் கரையைத் தாக்கியது. அதன் அழிவைப் பதிவுசெய்ய சிட்வேக்குப் போன மியன்மார் நௌ இதழின் புகைப்படச் செய்தியாளர் சாய் ஜோ தைக் சில நாட்களில் கைதானார். யாங்கோனின் இன்செயின் சிறைக்குள் கூடிய நீதிமன்றம் அந்த செப்டம்பரில் அவருக்கு 20 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. புயல் ஓய்ந்த ஊரைப் படமெடுக்கப் போனதற்கு 20 ஆண்டு! மழையும் காற்றும் அரசியலுக்கு வெளியே இருக்கின்றன என்று சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்து சொல்லலாம். இன்செயின் நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "அது பேரழிவின் படம், நாங்கள் கேட்பது அன்றாட மேகத்தைப் பற்றி" என்பார். பேரழிவை அளக்க வேறு அளவுகோல் ஏது? எவ்வளவு தண்ணீர் வழக்கம், எவ்வளவு வழக்கத்துக்கு மீறியது என்று சொல்ல, வழக்கமான நாட்கள் பதிவாகியிருக்க வேண்டும். யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தெருவில் தண்ணீர் நிற்பது அங்கே செய்தியே அல்ல. எந்தத் தெருவில், எந்தக் கடையின் எத்தனையாவது படி வரை, எந்த வருடம் நின்றது என்பதுதான் செய்தி. அதைச் சொல்லும் மழைமானி எந்த அரசிடமும் இல்லை. வாசலில் நின்று அலுப்போடு படமெடுத்தவரிடம் இருக்கிறது.

இப்படிப் பொழுதுபோக்காகப் பதிகிறவர்களை அறிவியல் ஒருபோதும் ஏளனம் செய்ததில்லை. மேகங்களுக்கு இன்றும் வழங்கும் பெயர்களை 1802இல் முன்வைத்த லூக் ஹோவர்டு, லண்டனில் மருந்து வணிகம் செய்தவர். வானம் பார்ப்பது அவருக்குத் தொழில் அல்ல. உலக வானிலை அமைப்பு 2017இல் தன் மேக அட்லஸில் ஆஸ்பெரிடாஸ் என்ற மேகத் தோற்றத்தைச் சேர்த்ததற்கு, உலகெங்குமிருந்து மேக ஆர்வலர்கள் எடுத்து அனுப்பிய படங்கள்தான் தூண்டுதல். கியோட்டோவில் செர்ரி மரங்கள் பூத்த நாளை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்து தொகுத்திருக்கிறார்கள். அரண்மனைவாசிகளும் துறவிகளும் பூக்காட்சி விருந்துக்குப் போனதை நாட்குறிப்பில் எழுதிவைத்ததுதான் அதன் ஆதாரம். 2021 மார்ச் 26 அன்று அங்கே பூ உச்சத்துக்கு வந்தது அதுவரையிலான அத்தனை நூற்றாண்டுகளில் மிக முந்தையது என்று இன்று சொல்ல முடிவது அந்தப் பொழுதுபோக்கு எழுத்துகளால்தான். யாங்கோனில் அதற்கு ஈடான ஒரு மரம் இருக்கிறது: படவுக், நம் வேங்கையின் இனம். ஏப்ரலில் திஞ்சான் நீர்த்திருவிழாவை ஒட்டி முதல் மழை விழுந்ததும் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து, ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். பெண்கள் கொண்டையில் சூடிப் படமெடுத்துக்கொள்வார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் யாங்கோனில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டது. நடு மியன்மாரின் சௌக் நகரத்தில் 48.2 டிகிரி. இந்த வெயில் படவுக்கின் நாளை நகர்த்துகிறதா என்று நாளை ஒரு ஆய்வாளர் கேட்டால், அவருக்குக் கிடைக்கக்கூடிய வளமான ஆதாரம் தேதி போட்ட அந்தக் கொண்டைப் பூப் படங்களாக இருக்கும்.

சென்னைக்காரர்களான நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. தமிழ்நாடு வெதர்மேன் என்று நாம் கொண்டாடும் பிரதீப் ஜான், வானிலைத் துறையில் சம்பளம் வாங்கியவர் அல்லர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் லட்சக்கணக்கானோர் அவர் பதிவுகளைப் பார்த்துத்தான் தைரியம் கொண்டார்கள். நமக்கு ஒரு நியாயம், ரங்கூனுக்கு ஒரு நியாயமா?

நகரத்தின் மேல்விளிம்பைப் படமெடுப்பதைப் பற்றியும் இதே அலட்சியம் நிலவுகிறது. சிங்குத்தர குன்றின்மேல் 326 அடி உயரம் எழும் ஷ்வேடகோனை வைத்துத்தான் யாங்கோன்வாசி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறார். 2011க்குப் பிறகு முதலீடு வெள்ளமாக வந்தபோது, கோபுரத்துக்கு அருகில் ராணுவத்துக்குச் சொந்தமான நிலத்தில் பெரிய அடுக்குமாடித் திட்டங்கள் கிளம்பின. பிக்குகளும் குடிமக்களும் எதிர்த்தார்கள். வரலாற்றாசிரியர் தான்ட் மியின்ட்-ஊ 2012இல் நிறுவிய யாங்கோன் ஹெரிடேஜ் டிரஸ்ட், நகரின் எந்த மூலையிலிருந்து கோபுரம் தெரிகிறது, எது கட்டினால் எது மறையும் என்ற கேள்வியைப் பொது விவாதமாக்கியது. 2015 ஜூலையில் அரசு அந்தப் பகுதியில் ஐந்து திட்டங்களை ரத்துசெய்தது. முழுமையான ஜனநாயகம் வராத நாட்டில், பணமும் படையும் கைகோத்து நின்ற இடத்தில், ஒரு காட்சியை மக்கள் காப்பாற்றினார்கள். இந்த வழக்கில் சொத்து என்ன? பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. "எங்கள் தெருமுனையிலிருந்து கோபுரம் தெரியும்" என்பதுதான் உரிமைக் கோரிக்கை. அதற்குச் சான்று தெருமுனையில் நின்று எடுத்த படத்தைத் தவிர வேறென்ன இருக்க முடியும்?

பழைய படங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன என்றொரு எண்ணமும் உண்டு. அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ரங்கூனின் மிகப் பழைய புகைப்படங்களில் சில, லினியஸ் டிரைப் 1855இல் எடுத்தவை. அவர் பிரிட்டிஷ் இந்தியத் தூதுக்குழுவோடு பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்குப் போன ராணுவ அதிகாரி. பின்னால் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராகி மதுரையையும் தஞ்சையையும் எடுத்தவர், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக ஒட்டியவர். நமக்கு வேண்டியவர்தான். அந்தக் காலத்து நெகடிவ்களில் வானம் பதியாது, வெளுத்துப்போய்விடும். டிரைப் தன் நெகடிவ்களின்மேல் தூரிகை வைத்து மேகங்களைத் தீட்டினார். பர்மாப் படங்கள் பலவற்றில் கோபுரம் உண்மை, மரம் பெரும்பாலும் உண்மை, மேகம் டிரைப்பின் கைவேலை. 1855இன் ரங்கூனில் மழைக்கு முந்தைய வானம் எப்படி இருந்தது என்பதை அந்தப் படங்கள் சொல்லமாட்டா.

அவருக்குப் பின் வந்த ஜெர்மானியர் பிலிப் கிளியர், இந்திய வம்சாவளியினரான டி.ஏ. அகுஜா போன்ற ஸ்டுடியோக்காரர்கள் ரங்கூனை அழகாகவே எடுத்தார்கள். ஆனால் விற்கும் படத்தை எடுத்தார்கள். கோபுரம், யானை மரம் இழுப்பது, சுருட்டுப் பிடிக்கும் பர்மியப் பெண், அகன்ற சாலையில் அரசாங்கக் கட்டடம். அஞ்சலட்டையாக வாங்கிக் கப்பலேறுகிறவருக்கு எது வேண்டுமோ அது. மழை நாளில் அவர்கள் கேமராவை வெளியே எடுத்திருக்கமாட்டார்கள். எடுத்தாலும் அந்த வெளிச்சத்தில் பிளேட் தேறியிருக்காது.

இந்த இழப்பு யாருடையது? பெரும்பங்கு நம்முடையது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூனின் நாலு லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் ஒரியரும் குஜராத்திகளும் அந்த நகரத்தைத் தோளில் சுமந்தார்கள். மொகல் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. 1871இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில் இன்றும் அனவ்ரதா சாலையில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. அந்த மொகல் தெரு ஒரு ஆகஸ்ட் மாத மழை நாளில் எப்படி இருந்தது? மேசைக்கணக்கர் குடையை எங்கே சாத்தினார்? துறைமுகக் கூலிகள் ஈரத் துணியை எங்கே காயப்போட்டார்கள், பத்துப் பதினைந்து பேர் அடைந்து கிடந்த அறையின் ஜன்னலிலிருந்து என்ன தெரிந்தது? நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஸ்டுடியோப் படங்கள்: தலைப்பாகை, சங்கிலிக் கடிகாரம், பின்னால் வரைந்த திரை, பூத்தொட்டி. தாத்தாவின் முகம் இருக்கிறது, அவர் வாழ்ந்த தெரு இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கானோர் கால்நடையாக அஸ்ஸாம் மலைகளைக் கடந்தார்கள், வழியில் செத்தார்கள். எஞ்சியவர்களில் பலரை 1964இன் நாட்டுடைமையாக்கம் கப்பலேற்றியது. பணமும் நகையும் கொண்டுவரவே கெடுபிடி இருந்தபோது நினைவுகளை யார் மூட்டை கட்டுவார்கள்? சென்னை பர்மா பஜாரிலும் அத்தோக் கடைகளிலும் அந்த நகரத்தின் சுவை மிஞ்சியது, காட்சி மிஞ்சவில்லை.

படமெடுக்கத் தெரிந்த தமிழர் அங்கே இல்லாமல் இல்லை. ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்திய ஏ.கே. செட்டியார், ஜப்பானுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றி, பல கேமராக்காரர்கள் பல்லாண்டுகளில் எடுத்து ஆங்காங்கே கிடந்த 50,000 அடிப் பிலிமைத் தேடிச் சேர்த்தார். 1940இல் படம் வெளிவந்தது. எடுத்தவர்கள் எடுத்த நேரத்தில் அதன் மதிப்பு தெரிந்தா எடுத்தார்கள்? அன்றைய செய்திக்கு எடுத்து, அன்றோடு மறந்துவிட்டார்கள். எங்கோ ஒரு பெட்டியில் கிடந்ததால் செட்டியாரால் தேட முடிந்தது. காந்திக்கு அப்படி ஒரு பெட்டி இருந்தது. மொகல் தெருவுக்கு இல்லை.

யாங்கோனின் சாதாரண மக்கள் கையில் பரவலாகக் கைப்பேசிக் கேமரா வந்தே வெகுநாளாகவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய தணிக்கை 2012 ஆகஸ்டில்தான் நீங்கியது. அதுவரை ஒரு சிம் கார்டு சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்க முடியாத விலை. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்களான டெலினாரும் ஊரிடூவும் வந்து 1,500 சாட்டுக்கு (மியன்மார் நாணயம்) சிம் விற்றபோதுதான் கோழிக்கடைக்காரரும் கல்லூரி மாணவியும் தங்கள் நகரத்தைத் தாங்களே பார்த்துப் பதியத் தொடங்கினார்கள். அதற்குமுன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நகரத்தை எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், வியாபாரிகள், பயணிகள், வெளிநாட்டுச் செய்தியாளர்கள். ஏழே வருடத்தில் ராணுவம் திரும்பி வந்து ஃபேஸ்புக்கை முடக்கியது, சாலையில் நிறுத்திக் கைப்பேசியைப் பிடுங்கிச் சோதித்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்களிடம் போய், மேகத்தை எடுக்காதே, போராட்டத்தை எடு என்று கட்டளையிட நாம் யார்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அழகான வானமும் அமைதியான தெருவும் ராணுவத்துக்குத்தான் சாதகம் என்கிறார்கள். நாட்டில் எல்லாம் சகஜம் என்று காட்ட அரசு ஊடகங்களுக்கு இந்த மாதிரிப் படங்கள்தான் தேவை, சுற்றுலா விளம்பரத்துக்கும் இதுதான் தேவை. இந்த அச்சம் நியாயமானது, நான் அதை லேசாக எண்ணவில்லை. பொன்னிறக் கோபுரமும் பின்னால் சிவந்த வானமுமாக ஒரே ஒரு படம், தேதியில்லாமல், எடுத்தவர் பெயரில்லாமல் வந்தால், அது எந்த ஆட்சிக்கும் சேவகம் செய்யும். ஆனால் அதே ஜன்னலிலிருந்து அதே திசையில் இரண்டு வருடம் எடுத்த படங்கள் யாருக்கும் சேவகம் செய்யா. அவற்றில் பெட்ரோல் வரிசை இருக்கும், இருண்ட இரவுகள் இருக்கும், பூட்டிய கடை இருக்கும், 2021 பிப்ரவரியில் இரவு எட்டு மணிக்குப் பால்கனிகளில் சட்டி தட்டிய மனிதர்கள் இருப்பார்கள், பின்னர் அந்தப் பால்கனிகளில் சில காலியாகிக் கிடப்பதும் இருக்கும். சகஜம் என்ற பொய்யை உடைக்கத் தினசரியின் நீண்ட வரிசையைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. ஆட்சியாளர்கள் ஒற்றைப் படத்தைத்தான் விரும்புகிறார்கள், வரிசையை அல்ல. சம்பவத்தின் ஒற்றைப் படத்தை மட்டும் கேட்கும் நம் நண்பர்கள் தெரியாமலேயே அவர்களோடு ஒத்துப்போகிறார்கள்.

இடிந்த காலனியக் கட்டடங்களின் சோக அழகை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் பயணிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பன்சோடன் தெருவில் 1906இல் எழுந்த சோஃபேர் கட்டடத்தின் உரிந்த சுவரில் அவர்கள் காண்பது தங்கள் ஏக்கத்தை. அந்தக் கட்டடங்களுக்குள் ஒழுகும் கூரையின்கீழ் குடும்பங்கள் குடியிருக்கின்றன. அங்கேயே வாழ்ந்து, அடுத்த மழைக்குமுன் கூரைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு வானத்தைப் பார்க்கிறவர் எடுக்கும் படத்தையும் பயணியின் படத்தையும் ஒரே கூடையில் போட்டுக் கண்டிக்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

எல்லோரும் ஒரே சூரிய அஸ்தமனத்தை எடுக்கிறார்கள் என்ற புகாருக்கு நீண்ட பதில் வேண்டாம். ஒரே இடம், ஒரே கோணம், திரும்பத் திரும்ப. ஆய்வகத்தில் இதைச் செய்தால் ஒழுங்கு என்கிறோம், மொட்டைமாடியில் செய்தால் கற்பனைப் பஞ்சம் என்கிறோம்.

சம்பவத்துக்குக் காத்திருந்தால்தான் சம்பவம் கிடைக்கும் என்பதும் பொய். தலைநகர் நேப்பிடோவில் நாடாளுமன்றத்துக்குப் போகும் அகன்ற சாலையின் முகப்பில் நின்று உடற்பயிற்சி வீடியோ எடுப்பது கிங் ஹ்னின் வை என்ற உடற்பயிற்சி ஆசிரியையின் வழக்கம். பல மாதங்களாக அதே இடத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். 2021 பிப்ரவரி 1 காலையிலும் எடுத்தார். அவருக்குப் பின்னால் கறுப்பு வாகனங்கள் வரிசையாக நாடாளுமன்றத்தை நோக்கிப் போயின. ஆட்சிப் பறிப்பின் முதல் காட்சிகளில் ஒன்றாக உலகம் பார்த்தது அதைத்தான். அதைத் தந்தது செய்தி நிறுவனத்தின் கேமரா அல்ல. வழக்கமாக அங்கே நின்ற ஒருவரின் கேமரா. பலர் அந்த வீடியோவை வேடிக்கையாகப் பகிர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாடு தன் சுதந்திரத்தை இழந்த காலையின் ஆவணம் அது.

எடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, அது ரசனையைப் பற்றியது அல்ல. ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஏற்றிய படம் சுருங்கிவிடும், எந்த நாளில் எந்தக் கருவியில் எடுத்தது என்று கோப்புக்குள் பதிந்திருந்த விவரமும் உதிர்ந்துவிடும். பத்து வருடம் கழித்து அது எந்த மழை என்று எடுத்தவருக்கே தெரியாது. ஆகவே மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வையுங்கள், தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். இடத்தின் விவரம் வேறு விஷயம். சோதனைச் சாவடியில் கைப்பேசி பிடுங்கப்படும் ஊரில், எந்தப் பால்கனியிலிருந்து எடுத்தது என்று காட்டும் குறிப்பு ஒரு குடும்பத்தையே சிறைக்கு அனுப்பக்கூடும். கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், தெருவின் பெயரைக் காகிதத்திலோ நம்பகமான ஒருவரிடமோ வையுங்கள், அடையாளம் தெரியும் முகங்களைப் பகிராதீர்கள். இன்று வெளியிட முடியாத படம் என்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். யாங்கோனை விட்டு வெளியேறி தாய்லாந்து எல்லையின் மே சோட்டிலோ பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த கைப்பேசியை விற்பதற்குமுன் அதிலுள்ள வானங்களையும் தெருக்களையும் பிரதி எடுத்துவிடுங்கள். சென்னையிலும் செட்டிநாட்டிலும் பர்மாப் பெட்டியைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: தாத்தாவின் ஸ்டுடியோப் படத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டுவிட்டு மற்றதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். மங்கலாக, கோணலாக, யாருமே இல்லாமல், ஒரு தெருவும் கொஞ்சம் வானமும் மட்டும் தெரியும் படம் அதில் ஒன்று கிடைத்தால், முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள்.